புலி பாக்கணுமா, பறவை பாக்கணுமா?

கேள்வி: அண்ணே, பத்தாங்கிளாஸ் படிக்கிற மகன கூட்டிட்டு, கைடோட போயி மிருகம் பறவையெல்லாம் பாத்துப் படிக்கிற மாதிரி டூர் போகணும். எங்க போலாம்?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: தங்கச்சி, புலி பாத்தே தீரணும்னு காசக் கட்டிட்டு போறவங்க பல பேரு ஜீப் புழுதியத்தான் பாத்துட்டு வாராங்க, அதுக்கு முன்னால டிசம்பர் ஜனவரியில ஒருநா வெள்ளன நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து சுசீந்திரம் தேரூர் குளத்துக்குப் போங்க. 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல, சேந்த எடம், நம்ம மாவட்டத்து வேம்பனூர் ஈரநிலமும் அப்படித்தான். ஆனா பறவை தெரிஞ்ச ஆளு கூட வேணும். தாமரை இலைமேல ஒண்ணு நடந்து போகும், நாம ஏதோ கோழின்னு விட்டுருவோம், கைடு பைனாகுலர குடுத்து அந்த நீள விரலக் காட்டி, இந்த இலைக்கோழில ஆம்பளதான் முட்டைய அடைகாக்கும்னு சொன்னா பையன் செல்போன பாக்கெட்ல போட்டுருவான் (என் மருமவன் போட்டான்!). பளபளன்னு சட்ட வேண்டாம், பாட்டு வேண்டவே வேண்டாம். மிருகம் பாக்கணும்னா மலைப்பக்கம் சுமார் 402 சதுர கிலோமீட்டர்ல கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் இருக்கு, அங்க வனத்துறை பெர்மிஷன் இல்லாம கூட்டிட்டுப் போறேன்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க.