அப்பாவின் வால்வு சிகிச்சையை அவருக்குத் தெரியாமல் முடிவு செய்யலாமா?

கேள்வி: என் தந்தைக்கு 79 வயது. சில மாதங்களாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது; ஒருமுறை கோயில் வாசலில் மயங்கி விழுந்தார். எக்கோ பரிசோதனையில், இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வழியிலுள்ள மகாதமனி வால்வு மிகவும் சுருங்கியிருப்பது தெரிந்தது. நெஞ்சைத் திறக்காமல், தொடை இரத்தக்குழாய் வழியாகப் புதிய வால்வு பொருத்தலாம் என்கிறார் மருத்துவர். "அப்பாவிடம் சொன்னால் பயந்துவிடுவார், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு" என்கிறார் அண்ணன். அப்பாவுடன் இருந்து கவனித்துக்கொள்வது நான். முடிவெடுக்க வேண்டியவர் யார்?

பதில்: உங்கள் அப்பாதான். சொல்வதைப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் தெளிவு அவருக்கு இருக்கும்வரை, மகனுடைய கையெழுத்தோ மகளுடைய கையெழுத்தோ அவருடைய சம்மதத்துக்கு ஈடாகாது. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் இதைத் தெளிவாக்கியது: மயக்க மருந்தின் பிடியில் இருந்த ஒரு பெண்ணுக்காக அவருடைய தாயிடம் மருத்துவர்கள் பெற்ற சம்மதம், உயிர்காக்கும் அவசரம் எதுவும் இல்லாததால், செல்லாது என்றது. அப்படியிருந்தும், கட்டிலில் விழித்துக்கொண்டிருக்கும் பெரியவரைத் தாண்டிப் படிவத்தைப் பிள்ளைகளிடம் நீட்டும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் தொடர்கிறது. அதில் மருத்துவர்களான எங்கள் தரப்புத் தவறும் உண்டு.

"இந்த வயதில் எதற்கு" என்ற கேள்வியைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் விடையைத் தெரிந்துகொள்வதற்காக அதைக் கேட்க வேண்டும். மூச்சுத்திணறலும் மயக்கமும் தொடங்கிவிட்ட பிறகு இந்தச் சுருக்கம் மாத்திரையால் விரிவதில்லை. நீர் மாத்திரை மூச்சுத்திணறலைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவே. திறந்த அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாத நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வொன்றில், வால்வு மாற்றாதவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். குழாய் வழியாக வால்வு பொருத்தப்பட்டவர்களிலும் பத்துக்கு மூவர் இறந்தார்கள். அவர்கள் உங்கள் அப்பாவைவிட நலிந்தவர்களாக இருந்திருக்கலாம் என்பதால் அந்த எண்களை அப்படியே அவருக்குப் பொருத்த வேண்டாம். பக்கவாதம், இரத்தக்கசிவு, பேஸ்மேக்கர் தேவைப்படுவது, சிறுநீரகம் பாதிக்கப்படுவது ஆகிய அபாயங்கள் அவருக்கு எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். எதுவும் செய்யாமல் விட்டால் அடுத்த ஓராண்டு எப்படியிருக்கும் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் கேட்க மறப்பது இதைத்தான்.

மறைத்துவைப்பது நடைமுறையிலும் கைகூடாது. சி.டி. ஸ்கேன், ஆஞ்சியோகிராம் என்று அலையும்போதே பெரியவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதென்று தமக்குத் தெரிந்ததை அவர்களும் மறைக்கிறார்கள். இப்படி ஒரே வீட்டில் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று ஏமாற்றிக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் உங்களுக்கு இதில் இடமில்லையா என்றால், மருத்துவருக்கு உங்களைப் போல உதவக்கூடியவர் வேறு யாருமில்லை. "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று அப்பா சொல்லும்போது, அவர் இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், எப்போதிலிருந்து குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார், எத்தனை முறை விழுந்தார், மாத்திரையைத் தானே எடுத்துப் போடுகிறாரா, மறதி கூடியிருக்கிறதா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். சிகிச்சையால் அவர் எவ்வளவு தேறுவார் என்பதைக் கணிக்க, எக்கோ அறிக்கையைப் போலவே இவையும் எங்களுக்கு வேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது, செலவுக்கு என்ன வழி என்பதும் வெளிப்படையாகப் பேச வேண்டியவையே. பணத்தைப் பற்றிப் பேசுவது பாசக்குறைவு ஆகாது.

அடுத்தமுறை அப்பாவையும் அண்ணனையும் சேர்த்தே அழைத்துச் செல்லுங்கள். அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி இருந்தால் மறக்காமல் மாட்டிவிடுங்கள். காதில் விழாமல் தலையாட்டியதைச் சம்மதம் என்று எண்ணிவிட்ட சங்கடம் எனக்கே நேர்ந்திருக்கிறது. மருத்துவரை அவர் முகம் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரையே கேளுங்கள். சிகிச்சை வேண்டாம் என்று அவர் சொன்னால், வலிக்குப் பயந்தா, செலவை நினைத்தா, உங்களுக்குப் பாரமாகிவிடுவோம் என்றா என்று விசாரியுங்கள். இவற்றில் சில பேசினால் தீர்ந்துவிடும். காரணம் கேட்ட பிறகும் வேண்டாம் என்றால், மூச்சுத்திணறலைத் தணிக்கும் சிகிச்சையைத் தொடரலாம். "நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்கம்மா" என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான். ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டும்.