கேள்வி – பதில்: அணையைத் தடுக்கப் படை அனுப்பிய மாநிலம்

கேள்வி: காவிரிக்காக நாம் நடத்திய வழக்கைப் போல அமெரிக்க மாநிலங்களும் ஆற்றுநீருக்காக மோதிக்கொண்டதுண்டா? அங்கே ஒரு மாநிலம் மத்திய அரசை எதிர்த்து நிற்க முடியுமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: நாம் வழக்குதான் நடத்தினோம், அரிசோனா மாநிலம் ஆற்றங்கரைக்குத் துப்பாக்கியோடு ஆட்களையே அனுப்பியது. கொலராடோ நதியின் நீரை ஏழு மாநிலங்கள் பகிர்ந்துகொள்வதற்கான 1922-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை மற்ற ஆறு மாநிலங்களும் ஏற்ற பிறகும், கலிபோர்னியா பெரும்பங்கை அள்ளிக்கொள்ளும் என்று அஞ்சிய அரிசோனா, 1944 வரை அதற்கு ஒப்புதல் தரவில்லை. இதற்கிடையே, தென் கலிபோர்னிய நகரங்களுக்கு நீர் கொண்டுசெல்வதற்காகப் பார்க்கர் அணையைக் கட்டும் வேலையை மத்திய அரசு தொடங்கியது. அணையின் ஒரு கரை தன் மண்ணில் அமையவிருந்ததால், 1934-இல் அரிசோனா ஆளுநர் மாநிலத்தின் தேசியக் காவல் படையை அனுப்பி வேலையைத் தடுத்தார். (அங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சரைப் போன்றவர். நம் ஆளுநரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மத்திய அரசு வேலையை நிறுத்திவிட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1935-இல் நீதிமன்றம் அரிசோனாவுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. படையை மெச்சி அளித்த தீர்ப்பு அன்று அது; இந்த அணையைக் கட்ட நாடாளுமன்றம் முறையாக அதிகாரம் வழங்கவில்லை என்ற ஒன்றே நீதிபதிகளுக்குப் போதுமான காரணமாக இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அரிசோனாவின் எதிர்ப்புக்கு அதன்பின் பிடிமானம் இல்லை. 1938-இல் அணை முடிந்தது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: மத்திய அரசு தன் சட்டத்தைத் தானே மீறும்போது மட்டும் நிற்க முடியும்.

பங்கீடு அதற்குப் பிறகும் தீரவில்லை. 1952-இல் அரிசோனா மீண்டும் வழக்குத் தொடுத்தது. 1963-இல் வந்த தீர்ப்பின்படி, சாதாரண ஆண்டில் கலிபோர்னியாவுக்கு 44 லட்சம் ஏக்கர் அடி, அரிசோனாவுக்கு 28 லட்சம், நெவாடாவுக்கு 3 லட்சம். நம் கணக்கில் ஏறத்தாழ 192, 122, 13 டி.எம்.சி. பதினோரு ஆண்டுகள் நடந்த வழக்கு அது. நமக்கோ 1990-இல் நடுவர் மன்றம் அமைந்ததிலிருந்து 177.25 டி.எம்.சி. என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018-இல் வரும் வரை இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. அமெரிக்க மாநிலங்கள் இத்தகைய வழக்கை நேரே உச்ச நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: குடியரசுத் தலைவரே போரைக் காரணம் காட்டி ஆணையிட்டால், அங்கே யாரால் தடுக்க முடியும்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: 1952-இல் நீதிமன்றம் தடுத்தது. கொரியப் போரின் நடுவே, வேலைநிறுத்தத்தால் எஃகு உற்பத்தி நின்றுவிடும் என்று கருதிய குடியரசுத் தலைவர் ட்ரூமன், ஏப்ரலில் எஃகு ஆலைகளை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ள ஆணையிட்டார். பார்க்கர் அணைக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது: நாடாளுமன்றம் அந்த அதிகாரத்தைத் தரவில்லை என்று ஜூன் 2 அன்று ஆறு நீதிபதிகள் கூறினர், மூவர் மாறுபட்டனர். ட்ரூமனே நியமித்த நான்கு நீதிபதிகளில் இருவர் அந்த ஆறு பேரில் இருந்தனர். அவர் உடனே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது 53 நாட்கள் நீடித்தது.