ஆபீசில் நான் மட்டும் கிழவனா?

கேள்வி: எனக்கு வயது 57. பொதுத்துறை வங்கிக் கிளை ஒன்றில் வேலை. கையால் லெட்ஜர் எழுதிய காலத்தில் சேர்ந்தவன். இப்போது கிளையில் என்னைத் தவிர எல்லோருமே சின்னப் பிள்ளைகள். பாதி இங்கிலீஷ், மீதி 'செம', 'வேற லெவல்', 'ப்ரோ'. வாட்ஸ்அப் குழுவில் நான் நாலு வரி தமிழில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வரும், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்கு நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டரில் புதிதாக ஏதாவது வந்தால் அவர்களிடம் கேட்கக் கூச்சம். சிரித்துவிடுவார்களோ என்று வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டுக்கொள்கிறேன். நானும் அவர்களைப் போலப் பேசிப் பழகட்டுமா, அல்லது வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு கிளம்பிவிடட்டுமா? "மனசு இளமையா இருந்தாப் போதும்" என்கிறாள் மனைவி. அதை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் உறுத்தியது ஒரே வரிதான்: வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டுக்கொள்கிறேன் என்பது. நாள் முழுக்கப் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் ஒரு சந்தேகம் கேட்காமல், அதை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்கள். அவர்கள் உங்களை ஒதுக்குவதற்கு முன்னால் நீங்களே ஒதுங்கிக்கொண்டீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

மாற்றம் உங்களுக்குப் புதிதா என்ன? 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். தும்பிக்கை போட்ட 'லை', 'னை', சுழித்து எழுதிய 'ணா', 'றா' என்று 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. நேற்றுவரை சரியாக இருந்ததை மறுபடி எழுதிப் பழகிய தலைமுறை உங்களுடையது. வேலையில் சேர்ந்தபின் லெட்ஜர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு கிளையும் தனித்தனித் தீவாக இருந்த நிலை போய் எல்லாம் ஒரே வலைக்குள் வந்தது. 2016-க்குப் பிறகு யு.பி.ஐ. வந்து, பூக்காரம்மாவின் கூடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. இத்தனையையும் கவுன்ட்டரில் உட்கார்ந்தபடி கடந்தவர் நீங்கள். உங்கள் கிளைப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பெரிய மாற்றம் இனிமேல்தான் வரவேண்டும். வரும்போது யாரைப் பார்த்துத் தைரியம் கொள்வார்கள்?

முதுமையைப் பற்றிப் புறநானூற்றில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய 243-வது பாட்டு. பூண் போட்ட கோலை ஊன்றி, இருமலுக்கு நடுவே சில சொல் பேசும் கிழவர் இளமையை நினைக்கிறார். தண்ணீரை ஒட்டித் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மலைக்கத் துடுமெனக் குதித்து, அடிமணலை அள்ளி வந்த அந்தக் 'கல்லா இளமை' இப்போது எங்கே என்கிறார். அந்தப் பாட்டைப் படித்துக் கலங்காதவர் இருக்க முடியாது. ஆனால் அதில் அவருடன் யாருமே இல்லை. கையைக் கோத்து விளையாடியவர்கள் எல்லாம் நினைவில்தான் இருக்கிறார்கள்.

இன்னொன்று பிசிராந்தையாருடைய 191-வது பாட்டு. வயது இவ்வளவு ஆகியும் உங்களுக்கு நரை இல்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் அது. மருந்து, தைலம், உணவு எதையும் சொல்லவில்லை. மனைவி மாண்புடையவள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள், என்னிடம் வேலை செய்யும் இளையவர்கள் நான் எண்ணுவதையே எண்ணுகிறார்கள், அரசன் தவறு செய்யாமல் காக்கிறான், எல்லாவற்றுக்கும் மேலாக ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்று முடிக்கிறார். முழுக்க மனிதர்கள். "யான் கண்டனையர் என் இளையரும்" என்ற அடி உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. இளையவர்களோடு அந்த அளவுக்கு மனம் கலக்க வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்கவும் வேண்டும், அவர்களுக்குச் சொல்லவும் வேண்டும். உங்கள் மனைவி சொன்ன இளமையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அவர்களைப் போலப் பேசலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். உங்கள் வாயில் வராத சொல்லை இழுத்துவந்து பேசினால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கியது 1940-ல். 85-ஐ நெருங்கிய வயது. ஆயுள் முழுக்க ஏட்டுச் சுவடியோடு இருந்தவர், வாரப் பத்திரிகை வாசகருக்குப் புரிகிற எளிய நடையில் எழுதினார். அதற்காக வேறு யாருடைய பேச்சையும் பூசிக்கொள்ளவில்லை. தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி எழுதும் இடங்களில் அந்தக் கிழவருக்குள் இருக்கும் மாணவன் அப்படியே தெரிகிறான். வாட்ஸ்அப்பில் நீங்கள் அந்த நாலு வரியைத் தமிழிலேயே எழுதுங்கள். கட்டைவிரல் வந்தால் படித்துவிட்டார்கள் என்று பொருள், அவமரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன நவம்பரில் எங்கள் ஊர் வங்கியில் பார்த்ததையும் சொல்கிறேன். பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்றுக்காக வரிசையில் நின்றார்கள். ஒரு பெரியவருக்குக் கைரேகை விழவே இல்லை. கருவியில் இருந்த இளைஞன் பொறுமையாகத்தான் இருந்தான். ஆனால் "ட்ரை அகெய்ன் சார், ப்ரெஸ் பண்ணுங்க" என்பதைத் தவிர அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரியவர் அழுத்த அழுத்த விரல் நடுங்கியது. பின்னாலிருந்து உங்கள் வயதுள்ள ஒரு ஊழியர் எழுந்து வந்தார். "அண்ணாச்சி, கட்டைவிரல விடுங்க. இந்தத் துணியில கையைத் தொடச்சிட்டு மோதிர விரல வைங்க, அழுத்தாண்டாம்" என்றார். ரேகை விழுந்தது. அந்த இளைஞன் உடனே, "சார், இத எனக்கு முன்னாடியே சொல்லலையே" என்றான். அவர் சிரித்தபடி, "நீ அந்தப் புது ஸ்கிரீனைச் சொல்லிக்குடு, நான் இதச் சொல்லித் தாரேன்" என்றார். அதற்குப் பிறகு இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வரிசையை முடித்தார்கள்.

உங்களிடமும் இப்படி எவ்வளவோ இருக்கும். நகைக்கடனுக்கு வந்து தயங்கி நிற்கும் அம்மாவிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பது எந்தப் பயிற்சி வகுப்பிலும் வராது. வெளி மாநிலத்திலிருந்து வந்த அதிகாரி யாராவது உங்கள் கிளையில் இருந்தால், 'வட்டி', 'மீட்பு', 'தவணை' என்று தினம் நாலு வார்த்தை தமிழ் சொல்லிக் கொடுங்கள். வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சு நின்றுபோவது உங்களைப் பிடிக்காததால் இருக்காது. மூத்தவர் முன்னால் என்ன பேசுவது என்ற தயக்கமாகவும் இருக்கலாம். அறிவுரையில் தொடங்காமல் ஒரு கேள்வியில் தொடங்குங்கள். சிரித்தால்? ஒருவேளை சிரிப்பார்கள். கூடவே சொல்லியும் கொடுப்பார்கள்.

வி.ஆர்.எஸ். பற்றி: உடம்பு ஒத்துழைக்கவில்லை, வீட்டில் உங்கள் தேவை இருக்கிறது, வேறு வேலை செய்ய ஆசை என்றால் கணக்குப் போட்டுப் பார்த்து தாராளமாக வாங்குங்கள். கூச்சத்துக்காக 60 வரை உள்ள மூன்று வருடச் சம்பளத்தை விடாதீர்கள். முதலில், கடைசியாக மகனிடம் கேட்டீர்களே ஒரு சந்தேகம், அதே மாதிரி அடுத்தது வரும்போது பக்கத்து நாற்காலியில் கேளுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள், காத்திருப்பேன்.