பிதாவின் 'த', ப்ராதாவின் 'த' – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு மாதமாக ஜெர்மன் படிக்கிறேன். சமஸ்கிருதத்தில் பிதா, ஜெர்மனில் ஃபாட்டர் – மெய்யொலிகள் மாறிய முறையைச் சொல்லும் கிரிம் விதிப்படி 'ப' இருந்த இடத்தில் 'ஃப' வருவது புரிகிறது. ஆனால் பிதா, ப்ராதா (சகோதரன்) இரண்டிலும் ஒரே 'த'தானே? ஜெர்மனில் அப்பா 'ஃபாட்டர்', சகோதரன் 'ப்ரூடர்'. ஒன்றில் இறுகிய ட், இன்னொன்றில் இளகிய ட். விதி என்றால் இரண்டும் ஒன்றுபோல மாற வேண்டாமா?

கே.

அன்புள்ள கே.,

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் 1822-இல் இந்த மெய்யொலி மாற்றங்களை வரிசைப்படுத்தினார். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் இந்த இடம் எல்லோரையும் இடறிவிட்டுக்கொண்டே இருந்தது.

1875-இல் டென்மார்க்கில் கார்ல் வெர்னர் என்ற மொழியியலாளர் ஒரு மதியம் குட்டித்தூக்கம் போடப் படுத்தார். தூக்கம் வருவதற்காக எடுத்தது ஃப்ரான்ஸ் பாப்பின் ஒப்பிலக்கண நூல். திறந்த பக்கத்தில் நீங்கள் கேட்ட இதே இரண்டு சொற்கள், பழைய சமஸ்கிருத உச்சரிப்பின் அழுத்தக்குறிகளோடு. பிதாவில் அழுத்தம் 'தா'வின் மேல். ப்ராதாவில் முதல் அசையின் மேல். அப்புறம் எங்கே தூங்குவது!

சமஸ்கிருதமும் ஜெர்மனும் ஒரு தாய் பிள்ளைகள். அந்தத் தாய்மொழியின் 'த்', ஜெர்மன், ஆங்கிலம் போன்றவற்றின் மூதாதையான ஆதி ஜெர்மானியத்தில் ஆங்கில 'திங்க்' சொல்லின் காற்றொலியாக மாறியது. முந்திய அசையில் அழுத்தம் இருந்தால் அந்த ஒலி அப்படியே நின்றது (ப்ராதா), இல்லாவிட்டால் இளகியது (பிதா). இளகல் நமக்குப் புதிதல்ல: 'பட்டம்' என்னும்போது இறுகி நிற்கும் ட், 'படம்' என்னும்போது இளகிவிடுகிறது. பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் எழுதப்பட்ட 4-ஆம் நூற்றாண்டு பைபிளில் தந்தைக்கும் சகோதரனுக்கும் அந்த இடத்தில் வேறுவேறு எழுத்து.

அப்படியானால் இளகிய ஃபாட்டர் ஏன் இன்று இறுகி ஒலிக்கிறது? ஜெர்மன் பிற்காலத்தில் இன்னொரு சுற்று மாறியது. இளகியது இறுகியது, காற்றொலி இளகிய ட் ஆனது.

என்னை இன்றும் சிலிர்க்க வைப்பது வேறு. ஜெர்மானிய மொழிகளில் அழுத்தம் பின்னர் முதல் அசைக்கே நகர்ந்துவிட்டது. மாற்றத்துக்குக் காரணமான அழுத்தம் போயே போய்விட்டது; அதன் தடம் மட்டும் மெய்யெழுத்துகளில் தங்கிவிட்டது.

உங்கள் வினைச்சொல் பட்டியலில் 'ஷ்னைடன்' (வெட்டுதல்) இருக்கும். பக்கத்திலேயே 'கெஷ்னிட்டன்' (வெட்டப்பட்ட). ட், ட்ட். மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பார்கள். ப்ராதாவுக்கும் பிதாவுக்கும் நடந்ததுதான் இங்கேயும் நடந்திருக்கிறது.