காலமானவர் 1938இல் ஒன்பது மணித்தியாலத்தில் பாக்குநீரிணையை (இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலுள்ள கடலை) நீந்தினார் என்று பேரனின் இணையத்தளம் சொல்கிறது. அதை நம்பி ‘முதன்முதல் பாக்குநீரிணையை நீந்தியவர்’ என்று கல்வெட்டில் (நினைவு மலரில்) போடலாமா?

அப்படியே போடவேண்டாம். பிறந்த ஊர், தொழில், பிள்ளைகள் விபரத்துக்குக் குடும்பத் தளம் போதும். ‘முதன்முதல்’ என்பதற்கு வெளிச்சாட்சி வேண்டும். 1954இல் மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தியதே முதலாவதாகப் பதிவாகியிருக்கிறது. 1938 என்றால் அதையே மாற்றி எழுதவேண்டிவரும்.

நீங்கள் தந்த கணக்கே இடிக்கிறது. இரு கரைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். ஒன்பது மணித்தியாலத்தில் என்றால் மணிக்கு ஆறரைக்கு மேல். ஒலிம்பிக்கில் 10 கிலோமீற்றர் நீந்துபவர்களே மணிக்கு ஐந்தரை அளவில்தான் போகிறார்கள். அநேகமாக வள்ளத்தில் போன பயணமோ, கரையோரமாக நீந்திய தூரமோ வாய்வழியாக வளர்ந்திருக்கும். பொய் சொன்னார்கள் என்று எடுக்கத் தேவையில்லை.

இதே செய்தி மூன்று தளங்களில் இருக்கிறது என்கிறீர்கள். வசனங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒரே எழுத்துப்பிழை மூன்றிலும் இருந்தால் அது ஒரே சாட்சிதான். பிறகு தளத்துக்காரரிடம் மாதம், புறப்பட்ட துறை, கூட வந்த வள்ளம் யாருடையது என்று கேளுங்கள். மாதம் கிடைத்தால் அந்தக் காலத்து ஈழகேசரி, வீரகேசரி இதழ்களைத் தேடலாம். ‘நூலகம்’ என்ற இணைய ஆவணத் தளத்தில் பழைய ஈழகேசரி இருக்கிறது.

பத்திரிகையில் இல்லை என்பதற்காக நடக்கவில்லை என்று முடிவுகட்டவும் கூடாது. 1981இல் யாழ். நூலகத்தோடு எரிந்தவை கொஞ்சமல்ல. அதுவரை, “கடலில் நெடுந்தூரம் நீந்தியவர் என்று மூத்த மகள் சொல்வார்” என, சொன்னவரைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.