அந்த அறுபது முள்ளை என்ன செய்வது?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் காய்கறித் தோட்டம். வேலைக்கு வருகிறவர்கள் வேலியோரத்தில் கிடக்கும் முள்ளம்பன்றி முள்ளைப் பொறுக்கிவந்து என்னிடம் தருவார்கள். அப்படி அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. நான் வீட்டிலிருந்தே காதணி செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். அமெரிக்கப் பழங்குடிப் பெண்கள் முள்ளைத் தட்டையாக்கிப் பூவேலை செய்யும் வீடியோவைப் பார்த்து நானும் முயன்றேன். ராத்திரி முழுக்க ஊறவைத்தும் முள் வளையவில்லை, அழுத்தினால் பிளந்துபோகிறது. முள்ளை அப்படியே வெட்டி நான்கு ஜோடி செய்து போட்டோ போட்டேன். ஒருவர், எவ்வளவு முள் இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன், தோலோடு கிடைத்தால் நல்ல விலை என்கிறார். சீமந்தத்துக்கு ஒரு முள் வேண்டும் என்று ஓர் அம்மாவும் கேட்டார். மாமியாரிடம் சிலோனிலிருந்து வந்த முள்ளுப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதையும் விற்கலாமா என்று வீட்டில் பேச்சு. தானாக விழுந்த முள்தானே, விற்றால் என்ன தப்பு? – ஒரு வாசகி, நீலகிரி மாவட்டம்.

பதில்: முதலில் அந்த நான்கு ஜோடி போட்டோவை எடுத்துவிடுங்கள். மீதியை அப்புறம் பேசுவோம்.

எடுத்தாயிற்றா? அடுத்தது அந்தத் தோல் கேட்கும் ஆள். அவருக்குப் பதிலே போடாதீர்கள். முள் தானாக விழும். தோல் தானாக விழாது. ஒரு மிருகத்தைக் கொன்றுதான் தோலை எடுக்க முடியும் என்று தெரிந்தேதான் உங்களிடம் கேட்கிறார். காட்டோரத்தில் வீடு, பொறுக்கித் தர ஆட்கள், கையில் ஏற்கெனவே சரக்கு என்று உங்கள் போட்டோ அவருக்குச் சொல்லிவிட்டது.

சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எந்த விலங்குக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று பிரித்த அட்டவணைகள் உண்டு; முள்ளம்பன்றி முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை ஆறிலிருந்து நான்காகக் குறைத்தார்கள்; 2023 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அட்டவணை மாறியதே தவிர முள்ளம்பன்றிக்கான பாதுகாப்பு போய்விடவில்லை. அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு, வேட்டையாடப்பட்டதோ செத்துக் கிடந்ததோ, காட்டு விலங்கும் அதிலிருந்து எடுத்த பொருளும் அரசின் சொத்து என்கிறது. அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்ல வேண்டும். அட்டவணை விலங்கின் பொருளை வாங்கி விற்பது தனிக் குற்றம். பொதுவான குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அட்டவணையைப் பொறுத்து இன்னும் கூடும்.

உயிரோடு திரியும் முள்ளம்பன்றி உதிர்த்துவிட்டுப் போன ஒற்றை முள் இந்தப் பிரிவுகளுக்குள் வருமா என்று ஒரு நல்ல வக்கீல் மணிக்கணக்கில் வாதாடலாம். மயில் இறகுக்கு இந்தச் சட்டத்திலேயே விலக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் கோயில் வாசலில் விசிறி விற்கிறது. முள்ளம்பன்றி முள்ளுக்கு அப்படி ஒரு வரி கிடையாது. நானூறு ரூபாய்க் காதணிக்காக அந்த வாதத்தை நீதிமன்றத்தில் நடத்திப் பார்க்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

சட்டத்தை விடுங்கள். “தானாக விழுந்தது” என்ற சொல்லின் மேல் எனக்கே ஒரு சூடு உண்டு. பல வருஷங்களுக்கு முன் ஒரு கைவினைக் கண்காட்சியில், உதிர்ந்த முள் என்று சொன்ன ஒரு கடைக்காரரிடம் ஒரு டஜன் வாங்கினேன். பேனாக்கட்டை செய்யலாம் என்று ஆசை. வீட்டில் வந்து நாளிதழை விரித்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஏழாவதோ எட்டாவதோ, ஒரு முள்ளின் அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மண் என்று சுரண்டினால் வரவில்லை. காய்ந்த தோல். அதில் இரண்டு குட்டை மயிரும் நின்றன. மற்ற பதினொன்று சுத்தமாகத்தான் இருந்தன. ஆனால் அவை உதிர்ந்தவையா, நன்றாகக் கழுவியவையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியாது. உங்களிடம் வாங்குகிறவருக்கும் முடியாது.

உங்கள் ஊரில் முள்ளம்பன்றிக்கு என்ன நடக்கிறது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். உருளைக்கிழங்குப் பாத்தியை ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டுவிட்டுப் போகும். மரத்தின் அடிப்பட்டையைச் சுற்றிக் கடித்து மரத்தையே சாகடிக்கும். விவசாயியின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. போதாததற்கு அதன் கறி ஆஸ்துமாவுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. கண்ணி வைக்கிறவர் கறிக்காகத்தான் வைக்கிறார். முள்ளைக் குப்பையில் போடுவார். அந்தக் குப்பைக்கு விலை வைத்தால் கண்ணி வைப்பதற்கு இன்னொரு காரணமும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். இன்று வேலியோரத்தில் பொறுக்கித் தருகிறவர், நீங்கள் முள்ளுக்குப் பத்து ரூபாய் தருவதாகச் சொன்ன மறுநாளிலிருந்து எங்கே பொறுக்குவார் என்று உங்களால் கண்காணிக்க முடியாது.

இனி உங்கள் கேள்வியிலேயே எனக்குப் பிடித்த பகுதி. ஏன் வளையவில்லை? நீங்கள் பார்த்த வீடியோவில் இருப்பது வேறு மிருகம்.

வட அமெரிக்க முள்ளம்பன்றி மரமேறி. உப்புக்கு அலையும், வியர்வை பட்ட கோடரிப் பிடியைக்கூடக் கடித்துத் தின்னும். அதன் உடம்பில் சுமார் 30,000 முட்கள். பெரும்பாலானவை விரல் நீளம்தான், உள்ளே பஞ்சுபோல் இருக்கும், தண்ணீர் பட்டால் இளகும். லகோட்டா, மிக்மாக், ஒஜிப்வே பழங்குடிப் பெண்கள் அதை வாயில் அதக்கி ஈரமாக்கி, பற்களுக்கு நடுவே இழுத்துத் தட்டையாக்குவார்கள். லகோட்டா மக்களிடையே இந்த வேலையைக் கனவில் வந்து கற்றுக்கொடுத்தவள் ‘இரட்டைப் பெண்’ என்ற தெய்வப் பிறவி என்று ஐதீகம். மான்தோலில் மடித்து மடித்துத் தைப்பது ஒரு வகை. பூர்ஜ (பிர்ச்) மரப்பட்டையில் துளை போட்டு, முள்ளைச் செருகிப் பெட்டி செய்வது மிக்மாக் பெண்களின் கைவண்ணம். வேர், பழம், பாசி கொண்டு சாயம் ஏற்றினார்கள். பிறகு ஐரோப்பிய வியாபாரிகள் கண்ணாடி மணியைக் கொண்டுவர, அது முள்வேலையின் இடத்தை நிறையப் பிடித்துக்கொண்டது.

முள் சேகரிக்க அவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. மிருகத்தின் மேல் கம்பளியை வீசினால் போதும், முள் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருப்பதால் நூற்றுக்கணக்கில் கம்பளியில் தைத்துக்கொண்டு வந்துவிடும். மிருகம் தன் வழியே போகும். இன்று சாலையில் அடிபட்டுக் கிடப்பதிலிருந்தும் எடுக்கிறார்கள், முழுத் தோலாக வாங்குகிறவர்களும் உண்டு. பல மாநிலங்களில் அது அனுமதிக்கப்பட்ட வியாபாரம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நீங்கள் பார்த்த வீடியோவில் தோலைப் பற்றி அவ்வளவு சாதாரணமாகப் பேசியிருந்தால் அதனால்தான். அங்கேயிருந்து வரவழைக்கலாமே என்று யோசிக்காதீர்கள், சுங்கத்தில் மாட்டும். இன்னொன்று: உங்கள் நகையை அமெரிக்கப் பழங்குடி வேலை என்ற பெயரில் விற்காதீர்கள். பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது அங்கே 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அது அவர்களுடைய சொத்து.

நம் மிருகம் தரையிலேயே வாழ்வது, வளை தோண்டுவது. சங்கப் பாட்டில் இதற்கு முளவுமா என்று பேர். முள் தடிமன், நீளம், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. கொக்கி கிடையாது. மேலோடு கெட்டி, நீங்கள் ஒரு வாரம் ஊறவைத்தாலும் தட்டையாகாது. குற்றம் உங்கள் கையில் இல்லை. (முள்ளை அம்பு மாதிரி எய்யும் என்பது கட்டுக்கதை; முதுகைக் காட்டிப் பின்பக்கமாகவே நகர்ந்து வந்து குத்தும், அவ்வளவுதான்.)

இந்தக் கெட்டி முள்ளை எப்படிக் கையாள்வது என்று தெரிந்துவைத்திருந்தவர்கள் இலங்கையில் காலி, மாத்தறை ஊர்ப் பக்கத்துச் சிங்களக் கைவினைஞர்கள். அவர்கள் வளைக்கவே முயலவில்லை. கருங்காலி மரச்சட்டம் போட்டு, முட்களை நெடுக்காகப் பக்கம் பக்கமாக அடுக்கிப் பலகைபோல் பதித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்து போகிற வெள்ளைக்காரர்கள் நினைவுப் பொருளாக வாங்கிப் போனார்கள். விசாகப்பட்டினத்திலும் தந்தம், மான்கொம்போடு முள்ளும் சேர்த்துப் பெட்டி செய்தார்கள். உங்கள் மாமியாரின் பெட்டி சிலோன் வேலையாகத்தான் இருக்கும். அவருடைய அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார், ஊருக்குத் திரும்பும்போது துரை கொடுத்தது என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பெட்டியை விற்கும் பேச்சே பிடிக்கவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து கப்பலேறி வந்த தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை சாமானைக் கொண்டுவர முடிந்தது?

விற்கவும் முடியாது. முள் ஒரு பக்கம். அந்தப் பெட்டிகளின் மரச்சட்டத்தில் வெள்ளைப் பொட்டுகள் பதித்திருப்பார்கள். சிலவற்றில் எலும்பு, சிலவற்றில் தந்தம். தந்தமாக இருந்தால் விவகாரம் பெரிது. இப்படிப்பட்ட பொருளை அறிவித்துப் பதிவு செய்ய 2003-இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அப்போது உங்கள் வீட்டில் யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதனால் வனவிலங்குச் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு, அவர் சொல்கிறபடி வனச்சரக அலுவலகத்தை அணுகுங்கள். அதுவரை வெயிலில் வைக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். முள் என்பது நம் நகம், மயிர் மாதிரி கெரட்டின்; கம்பளியை அரிக்கும் பூச்சி இதையும் அரிக்கும். மாதத்துக்கு ஒருமுறை காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டி, இடுக்கில் பொடி உதிர்கிறதா என்று பாருங்கள்.

சீமந்தம் கேட்ட அம்மாவுக்கு மரியாதையாகவே பதில் சொல்லலாம். அவர் அலங்காரத்துக்குக் கேட்கவில்லை. சீமந்தம் என்றாலே வகிடுதான். மூன்று இடத்தில் வெள்ளை உள்ள முள்ளம்பன்றி முள், மூன்று தர்ப்பை, பிஞ்சு அத்திக்காய்க் கொத்து, இவற்றைச் சேர்த்துப் பிடித்து மனைவியின் வகிட்டை மேல்நோக்கி எடுக்க வேண்டும் என்று வீட்டுச் சடங்குகளைச் சொல்லும் பழைய நூலான ஆபஸ்தம்ப கிருஹ்ய சூத்திரம் சொல்கிறது. ஆனால் அதற்காகப் புதிதாக ஒரு முள் வாங்கணும் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் தெரு வாத்தியார் (சடங்கு செய்துவைக்கும் புரோகிதர்) மஞ்சள் துணியில் சுற்றி ஒன்று வைத்திருக்கிறார், அவருடைய அப்பா காலத்தது. நுனி மழுங்கி, நடுவில் குங்குமம் ஏறிச் சிவந்துபோயிருக்கும். எத்தனை பெண்களின் தலையைத் தொட்டதோ. அந்த அம்மாவை அவர்களுடைய வாத்தியாரிடமே கேட்கச் சொல்லுங்கள். முள் இல்லாவிட்டால் தர்ப்பையும் அத்தியும் வைத்து எப்படிச் செய்வது என்று அவரே சொல்வார். (வடக்கே இதற்கு நேர் எதிர்: இந்த முள்ளை ஒரு வீட்டில் செருகிவைத்தால் அந்த வீட்டில் சண்டை ஓயாது என்பார்கள்.)

உங்கள் கைவேலைக்கு என்ன வழி? கறுப்பு வெள்ளைப் பட்டைதான் வேண்டும் என்றால் தென்னை ஈர்க்கு இருக்கிறது. பச்சை ஈர்க்கைச் சீவி நிழலில் உலர்த்தி, சூடான கம்பியால் இடைவெளி விட்டுச் சுட்டுப் பாருங்கள். தட்டையாக்கித் தைக்கும் வேலைதான் வேண்டும் என்றால் பத்தமடைக்காரர்கள் பாய்க்குச் சாயம் ஏற்றும் கோரை, ஈரத்தில் நன்றாக வளையும். எனக்கு இன்னொன்றில்தான் அதிக ஆசை. ஆல்ப்ஸ் மலையில் டிரோல் பக்கத்தில் மயில் இறகின் நடுத்தண்டை மெல்லிய நாராகக் கிழித்துத் தோல் பெல்ட்டில் பூவேலை செய்கிறார்கள். நீங்கள் மயிலைத் தொட வேண்டாம். வான்கோழி வளர்க்கிறவரிடம் இறக்கைத் தூவல் கேட்டு வாங்குங்கள். அலசி, வெந்நீரில் ஊறவைத்து, பிளேடால் நீளவாக்கில் கீறி, உள்பஞ்சை நகத்தால் சுரண்டி எடுத்தால் தந்த நிறத்தில் நார் வரும். முதல் பத்து தண்டு வீணாகும், கவலைப்படாதீர்கள்.

அறுபது முள்ளை ஒரு காகிதத்தில் சுற்றி, எங்கே எப்போது கிடைத்தவை என்று ஒரு தாளில் எழுதி, அதே வக்கீலிடம் காட்டிவிட்டு வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். காதணியாகிவிட்ட எட்டையும் சேர்த்துத்தான். தோட்டத்து ஆட்களிடம் இனி பொறுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வான்கோழித் தண்டில் முதல் ஜோடி தேறியதும் எனக்கு எழுதுங்கள். கூடவே, மாமியாரிடம் கேட்டு அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து உள்பக்கம் ஒரு போட்டோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்புங்கள். பல பெட்டிகளில் அங்கே ஒரு யானை இருக்கும்.