வகுப்பில் களைக்காத கால்கள் நிலாவெளி வீதியில் களைப்பது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. கொழும்பில் இருந்தபோது இரண்டு ஆண்டுகள் ஸ்பின் வகுப்புக்கு (ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளை மிதிக்கும் உடற்பயிற்சி வகுப்பு) சென்று, 45 நிமிடம் இடைவிடாது மிதித்துப் பழகியவள். உயர் குருதியமுக்கத்துக்கு நாளாந்தம் அட்டெனோலோல் எடுக்கிறேன். இடமாற்றம் பெற்றுத் திருகோணமலைக்கு வந்தபின் சைக்கிள் வாங்கி, மாலை நான்கு மணியளவில் உவர்மலையிலிருந்து நிலாவெளிப் பக்கமாக ஓடத் தொடங்கினேன். அரை மணித்தியாலத்தில் களைத்துவிடுகிறேன். முழங்காலின் முன்பக்கம் நோகிறது. சுண்டு விரலும் மோதிர விரலும் விறைக்கின்றன. எவ்வளவு முயன்றாலும் நாடித் துடிப்பு 125ஐத் தாண்டுவதில்லை. என் இதயம் பலவீனமாகிவிட்டதா?

பதில்: நீங்கள் எழுதியவற்றை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஆனால், மிதிக்கும்போது நெஞ்சு இறுகுவதோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவுவதோ, தலை சுற்றிக் கண் இருளுவதோ ஒரு தடவையேனும் நேர்ந்திருந்தால், ஈசிஜி எடுத்து வைத்தியரிடம் காட்டும்வரை சைக்கிளைத் தொட வேண்டாம். வீதியில் வைத்தே அப்படி நேர்ந்தால், உடனே இறங்கி அமர்ந்து 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

நாடித் துடிப்பு ஏறாததற்குக் காரணம் அநேகமாக உங்கள் மாத்திரையே. இதயத் துடிப்பைத் தணிப்பது அட்டெனோலோலின் இயல்பு என்பதால், 220இலிருந்து வயதைக் கழித்து வரும் 174 என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மிதிக்கும்போது முழு வசனமாகப் பேச முடிகிறதா என்பதையே அளவாகக் கொள்ளுங்கள். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். சைக்கிள் ஓடுவதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம்; திடீரென நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்தானது.

களைப்புக்கு வெயிலும் காற்றும் காரணங்கள். குளிரூட்டிய அறையில் எவ்வளவு பாரத்தில் மிதிப்பது என்பதைத் திருகியைத் திருப்பி நீங்களே முடிவு செய்தீர்கள். இங்கே அதைக் கச்சான் காற்று முடிவு செய்கிறது. தென்மேற்கிலிருந்து அது வீசும் மாதங்களில், நிலாவெளிக்குப் போகும்போது முதுகைத் தள்ளிவிட்டு, திரும்பும்போது பக்கவாட்டாக முகத்தில் அடிக்கும். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் அதே வேகமுள்ள காற்றை நேர் எதிரே சந்தித்தால், காற்றின் தடை அமைதியான நாளில் இருப்பதைப்போல் நான்கு மடங்காகிவிடும். இதனோடு, மாலை நான்கு மணிக்குத் தார் வீதி இன்னும் அனல் கக்கிக்கொண்டிருக்க, உடல் வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் குருதி பாய வேண்டியிருப்பதால், கால் தசைகளுக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது. உங்கள் மாத்திரை வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலையும் சற்றுக் குறைக்கலாம். வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும். அதுவரை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, உப்புவெளி வரை போய்த் திரும்பினால் போதும். ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்குச் சாதாரண தண்ணீரே போதுமானது. குருதியமுக்கம் உள்ள நீங்கள் நாளாந்தம் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றத் தூள்) கரைத்துக் குடிப்பது தேவையற்ற உப்பு.

முழங்கால் வலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வகுப்பிலிருந்து வீதிக்கு வருபவர்களிடம் நான் அதிகம் காண்பது இதுதான். ஸ்பின் சைக்கிள் ஓரிடத்தில் நிற்பதால் கால் நிலத்தில் படவேண்டிய தேவை இல்லை. இருக்கையைச் சரியான உயரத்தில் வைத்திருப்பீர்கள். வீதிக்கு வந்ததும் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், அமர்ந்தபடியே இரு பாதங்களும் நிலத்தில் ஊன்றும் அளவுக்கு அதை இறக்கிவிடுகிறோம். அப்போது முழங்கால் அளவுக்கு மீறி மடிந்த நிலையிலேயே மிதிக்க வேண்டியிருப்பதால், முழங்காற்சில்லு தொடை எலும்போடு ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தப்படுகிறது. சுவரைப் பிடித்தபடி இருக்கையில் அமர்ந்து, மிதிகட்டையை ஆகக் கீழே கொண்டுவந்து, அதன்மேல் குதிக்காலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடிந்திருக்கும். அதுவே சரியான உயரம். நிறுத்தும்போது இருக்கையிலிருந்து முன்னே இறங்கி இடது காலை ஊன்றப் பழகுங்கள். சனநடமாட்டமில்லாத மைதானம் ஒன்றில் இரண்டு நாள் பழகினால் பயம் போய்விடும். கியரையும் கவனியுங்கள்: பாரமான கியரில் நெருக்கி மிதிக்காமல், நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று வரும் இலகுவான கியருக்கு மாறுங்கள். அந்தச் சுழற்சி வகுப்பில் உங்கள் கால்களுக்கு ஏற்கெனவே பழக்கமானது.

சுண்டு விரலும் மோதிர விரலும் விறைப்பது, உள்ளங்கையின் வெளிப்பக்க அடியில் செல்லும் நரம்பு ஹாண்டிலில் நசுங்குவதால். (பெருவிரலும் சுட்டுவிரலும் விறைத்திருந்தால் வேறு நரம்பைச் சந்தேகித்திருப்பேன்.) மணிக்கட்டை வளைக்காமல், கைகளின் நிலையை அடிக்கடி மாற்றிப் பிடியுங்கள், பஞ்சு வைத்த கையுறை உதவும். விறைப்பு ஓய்வெடுத்தும் நீங்காவிட்டாலோ, விரல்களில் பலம் குறைந்தாலோ காத்திராமல் காட்டுங்கள்.

தலைக்கவசம் அணியாமல் புறப்பட வேண்டாம். கட்டாக்காலி மாடுகள் விடியற்காலையில் வீதியிலேயே படுத்திருப்பதையும், கரையோர மணல் டயரைச் சறுக்குவதையும் நம் ஊருக்குப் புதியவரான நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

இருக்கையை உயர்த்தி மூன்று வாரமாகியும் முழங்கால் நொந்தால் கிளினிக்குக்கு வாருங்கள். வரும்போது சைக்கிளையும் கொண்டுவாருங்கள். நீங்கள் அதில் அமர்ந்திருப்பதை நான் பார்க்க வேண்டும்.